தரங்கம்பாடி கைடு வாக் போயிட்டு வந்தோம், கைடு வேணுமா வேணாமா?

அம்மாவுக்கு முட்டி வலி. ஆனா ஊர் சுத்தணும்னா முதல் ஆளா பையை எடுத்துக்குவாங்க. அதனால ரொம்ப நடக்காம, ஏறி இறங்காம, ஒரு நாள்ல நிதானமா பாத்துட்டு வர்ற மாதிரி ஒரு ஊர்னு யோசிச்சு தரங்கம்பாடி போனோம். அங்க தனியா ஒருத்தர் ரெண்டு மணி நேரம் கூட்டிட்டுப் போய் காட்டுறாரு, தலைக்கு 400 ரூபான்னு தெரிஞ்சவங்க சொல்லி புக் பண்ணிட்டேன். பேரு வேணாம், விட்ருவோம்.

மொத கோளாறே டைமிங்தான். காலைல பத்து மணிக்கு ஆரம்பிக்கிறாரு. ஏன் சார்னு கேட்டா கோட்டைக்குள்ள இருக்கற மியூசியம் பத்து மணிக்குத்தான் திறப்பாங்கன்னாரு. சரி, மியூசியம் பத்து மணிக்குன்னா மத்ததையெல்லாம் அதுக்கு முன்னாடியே பாத்துட்டு வெயில் ஏறுனதும் மியூசியத்துக்குள்ள நுழையலாம்ல, இவரு அப்படியே தலைகீழா கோட்டைல ஆரம்பிச்சு பதினொன்றரை மணிக்கு எங்கள ராஜா தெருவுல நடக்க விட்டாரு. கடலோர ஊர்ல அந்த வெயில்ல நடக்கறது வாக் இல்லங்க, வேண்டுதல்.

கோட்டை நல்லா இருக்கு, அதுல குறையே சொல்ல முடியாது. 1620ல டென்மார்க்காரங்க தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி கட்டினது, டேன்ஸ்போர்க்னு பேரு. 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. உள்ள ரூம்ல கால வெச்சதும் ஜில்லுனு இருந்துச்சு, கூரை வளைஞ்சு வளைஞ்சு ஒட்டகத் திமில் மாதிரி, செவுரு அவ்ளோ தடிமன். அம்மா செவுத்துல கைய வெச்சுட்டு அப்படியே நின்னுட்டாங்க, நகரவே மனசில்ல. நம்மாளு "வாங்கம்மா வாங்கம்மா, இன்னும் நிறைய இருக்கு"ன்னு விரட்டுறாரு. நிழல் இருக்கற ஒரே எடத்துல அவசரப்படுத்திட்டு, வெட்டவெளில நிக்க வெச்சு பத்து நிமிஷம் போட்டோ எடுக்கறாரு.

அப்புறம் ஊர் வாசல். இதையும் 1620ன்னே சொன்னாரு. இல்ல, இப்ப நிக்கற வாசல் 1792ல கட்டினது, நான் முன்னாடியே படிச்சுட்டுப் போயிருந்தேன், சொன்னதுக்கு "எல்லாம் ஒண்ணுதான் சார்"னுட்டாரு. எனக்கு அங்கயே பாதி மார்க் போச்சு.

ஒரே ஒரு எடத்துல மட்டும் மனுஷன் அசத்திட்டாரு. ராஜா தெருவுலயே இருக்கற புது எருசலேம் சர்ச், 1718ல கட்டினது. உள்ள ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் கல்லறை இருக்கு. 1706ல வந்து எறங்கி, மணல்ல விரலால எழுதிப் பழகற பசங்களோட ஒக்காந்து தமிழ் கத்துக்கிட்ட கதைய மெதுவா, குரல தணிச்சு சொன்னாரு. 1719ல போயிட்டாரு, 36 வயசுதான்னதும் அம்மா "அய்யோ, பெத்தவளுக்கு சேதியாச்சும் போயிருக்குமா"ன்னாங்க. கைடுகிட்ட பதில் இல்ல, எங்கிட்டயும் இல்ல.

ஆனா சீகன்பால்க் நடத்துன அச்சுக்கூடம் பத்தி ரெண்டே வரில முடிச்சுட்டாரு, அதுதான் எனக்கு ஆத்தாமை. இந்த ஊர்லதான் 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்சாங்க. ஜெர்மனிலேர்ந்து வந்த தமிழ் எழுத்து அச்சு சைஸ் ரொம்ப பெருசு, பேப்பரோ தட்டுப்பாடு, அதனால இங்கயே சின்ன எழுத்தா வார்த்து அடிச்சாங்க. பக்கத்துல பொறையார்ல பேப்பர் செய்யறதுக்கே ஒரு ஆலை போட்டாங்க. இதெல்லாம் சொன்னா போன்ல தமிழ் டைப் பண்ற நம்ம பசங்க வாயப் பொளந்து கேப்பாங்கல்ல?

மாசிலாமணிநாதர் கோயில் எப்ப சார்னு கேட்டேன். "அது நம்ம ரூட்ல இல்ல சார்." கோட்டைலேர்ந்து கடற்கரையோரமா பத்து நிமிஷம்கூட ஆகாதுங்க! டேனிஷ்காரன் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடி, 1306ல மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பக்கத்த கடல் அரிச்சு தின்னுடுச்சு, இப்ப கல்லு கொட்டி காப்பாத்தி வெச்சிருக்காங்க. சாயங்காலம் நாங்களே போனோம், அம்மா அந்தப் பாறாங்கல்லு ஒண்ணுல ஒக்காந்து செருப்ப கழட்டிட்டு, அலை வந்து அடிக்கறத பாத்துட்டே இருந்தாங்க. அன்னிக்கு முழுக்க அவங்க மொகம் தெளிஞ்சது அப்பதான்.

அதனால கைடுக்கு அஞ்சுக்கு ரெண்டரை, அந்த அரை சர்ச்சுக்காக. ஊருக்கு நாலரை.

நீங்களா போறதா இருந்தா ஆறரை மணிக்கெல்லாம் ஊர் வாசல்ல இருங்க, அங்கேர்ந்து கடல் வரைக்கும் நேர் ரோடு, அரை கிலோமீட்டர் சொச்சம்தான், மேடு பள்ளம் கிடையாது. ரெண்டு சர்ச்சும் போற வழிலயே, 1701ல கட்டின சீயோன் சர்ச் ஒரு பக்கம், மத்தது எதிர்ல. ஞாயித்துக்கிழமை ஆராதனை நடக்கும், அந்த நேரத்துல போட்டோ எடுக்கறேன்னு உள்ள போயி நிக்காதீங்க. அப்புறம் கோயில், பத்து மணிக்கு கோட்டை, உச்சி வெயில் தாழற வரைக்கும் எங்கயாவது நிழல்ல படுத்துட்டு சாயங்காலம் திரும்ப கடல். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், மியூசியம் லீவு. கோட்டைப் பக்கம் பெரிய ஹோட்டல தேடி அலையாதீங்க, நாங்க புளிசாதம் கட்டிட்டுப் போனோம், தண்ணி மட்டும் ரெண்டு பாட்டில் பத்தல.

முன்னாடி மாயவரத்துலேர்ந்து இங்க வரைக்கும் ரயிலே ஓடுச்சாம், 1986ல நிறுத்திட்டாங்க. இப்ப பஸ்தான், சாயங்காலம் செம கூட்டம், அம்மாவுக்கு சீட் கெடைக்க ரெண்டு பஸ்ஸ விட வேண்டியதாப் போச்சு, முட்டி வலி இருக்கறவங்க இருட்டறதுக்கு முன்னாடியே ஸ்டாப்புக்கு வந்துடுங்க.