நவராத்திரிக்கு முப்பது வயர் கூடை: எந்த வயர் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

2024 நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு எவர்சில்வர் குங்குமச் சிமிழ் கொடுத்தேன். அந்த ஒன்பது நாளில் எனக்கும் நான்கு வீடுகளிலிருந்து அதே மாதிரிச் சிமிழ் வந்தது. நான்கும் இன்னும் அட்டைப் பெட்டியோடு அலமாரியில் இருக்கின்றன. அதனால் 2025-க்கு என் கையால் செய்த பொருளைத்தான் கொடுப்பது என்று ஆனி மாதமே தீர்மானித்துவிட்டேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த கைவேலை வயர் கூடை பின்னுவது. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் அம்மா சொல்லிக் கொடுத்தது. தாம்பூலம் வைக்கிற அளவில் சின்னக் கூடை, மொத்தம் முப்பது என்று கணக்குப் போட்டேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், வீடு திரும்ப நான்கு ஆகிவிடும். பையன் பத்தாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. ஆக எனக்குக் கிடைப்பது இங்கே அரை மணி, அங்கே முக்கால் மணி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாள் முழுக்க உட்கார்ந்து பின்ன முடிகிறவர்கள் சுமாரான வயரையும் சமாளித்துவிடுவார்கள். துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்தில் பின்னுகிறவர்களுக்கு வயர் நல்லதாக அமைய வேண்டும். இல்லாவிட்டால் அந்த அரை மணியும் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும். மூன்று இடத்தில் வயர் வாங்கிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஆன்லைனில் ‘கூடை கிட்’ என்று ஒன்று வாங்கினேன். வெட்டிய வயர், கைப்பிடி, செய்முறைத் தாள் எல்லாம் சேர்த்துத் தருவதாகப் போட்டிருந்தார்கள். நேரம் மிச்சமாகுமே என்றுதான் வாங்கினேன். வயர்கள் ஒரே நீளத்தில் இல்லை. நான்கு விரற்கடை வரை வித்தியாசம் இருந்தது. கூடை பின்னியவர்களுக்கு இது என்ன தொல்லை என்று தெரியும். அடியில் முதல் முடிச்சைப் போடும்போதே வயரின் நடுப்பாகத்தைப் பிடித்துத்தான் தொடங்குகிறோம். நீளம் மாறினால் சுவர் எழும்பும்போது ஒரு பக்கம் வயர் தீர்ந்துபோய், இன்னொரு பக்கம் மிஞ்சி நிற்கும். நானும் மேல் இரண்டு வரிசையைப் பிரித்து, உயரத்தைக் குறைத்துத்தான் முடித்தேன். முதல் கூடைக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது.

அடுத்தது, சந்தைப் பக்கம் நடைபாதையில் விலை குறைவாகக் கிடைத்தது. கருநீலமும் மெரூனும் இரண்டு கட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்ததும் ஒரு வாடை, டயர் எரிந்தது போல. பின்னிப் பார்த்தேன். முடிச்சை இறுக்கும் இடத்தில் எல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது. கைப்பிடி மாட்டுகிற இடத்தில் வயரை மடக்கியபோது இரண்டு இழை விரிசல் விட்டது. அதில் பின்னிய ஒரே கூடையை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது அதில் வெங்காயம் வைத்திருக்கிறேன்.

மூன்றாவதாகப் போன கடைதான் நான் எல்லோருக்கும் சொல்வது. மதுரை கீழ மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது, ஆறடி அகலம்தான் இருக்கும். சின்ன வயதில் அம்மாவோடு வயர், பாசி, ஜரிகை வாங்கப் போனால் புது மண்டபத்துக்குத்தான் போவோம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் தையல் மெஷின், வளையல், பாத்திரம், புத்தகம் என்று இருக்கும். அங்கிருந்த கடைகளைப் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் அந்தப் பக்கம் சுற்றி வந்தபோதுதான் தோழி ஒருத்தி இந்தக் கடையைக் காட்டினாள்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் “அண்ணாச்சி, சின்னக் கூடை முப்பது பின்னணும்” என்றதும் அவர் வயரை எடுக்கவில்லை. “எப்ப வேணும்? எத்தனை நாள் இருக்கு?” என்று கேட்டார். நவராத்திரிக்கு என்றேன். “ஆடியிலயே வந்துட்டீங்க, நல்லது. புரட்டாசி பிறந்தப்புறம் வந்து அம்பது கூடைன்னு நிப்பாங்க, பாவமா இருக்கும்” என்றார். அப்புறம் ஒரு கட்டிலிருந்து நுனியை உருவி, விரலில் மூன்று முறை மடக்கி மடக்கிக் காட்டினார். வெள்ளைக் கோடு விழவில்லை. விட்டதும் மெதுவாக நிமிர்ந்தது. “வயர்ல ஒரு பக்கம் வரி இருக்கும், ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும். வரி தெளிவா விரல்ல தட்டணும். தட்டலேன்னா பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்தது” என்றார். இந்த வரி விஷயத்தை அம்மா வேறு காரணத்துக்காகச் சொல்வார். ஒவ்வொரு முடிச்சிலும் வரிப் பக்கம் மேலே வர வேண்டும், ஒன்று திரும்பினாலும் கூடை முகத்தில் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும் என்று. இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பின்னும்போது வரி தெளிவாக இருந்தால் கண்ணால் பார்க்கவே வேண்டாம், கட்டைவிரலே சொல்லிவிடும். எனக்கு இந்த வயரில் பிடித்ததே அதுதான். பையனுக்கு வரலாறு ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டே என்னால் சுவர் எழுப்ப முடிந்தது.

அரைக் கட்டுக்கு ஒரு சின்னக் கூடை வந்தது. பதினைந்து கட்டுக்கு 800 ரூபாய்க்குள்தான் ஆனது. கைப்பிடிக்குள் கொடுக்கிற டியூப் தனி. ஒரு கூடைக்கு முப்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சாதா முடிச்சுக்குத்தான் இந்தக் கணக்கு. நெல்லிக்காய் முடிச்சு புடைப்பாக அழகாக வரும், ஆனால் வயரை நிறைய இழுக்கும். சிவன் கண் முடிச்சு இவ்வளவு சின்னக் கூடையில் எடுபடாது. அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் மட்டும் பெரிய கூடையாக சிவன் கண் போட்டேன்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். எல்லா நிறத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். நான் மஞ்சள் மூன்று கட்டு வாங்கி, போதாமல் ஆவணியில் போய் இன்னும் இரண்டு வாங்கினேன். அதே கடை, அதே மஞ்சள். வீட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் வாங்கியது மஞ்சள் கிழங்கு நிறம், இரண்டாவது எலுமிச்சம்பழ நிறம். லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கு, மாறினால் நிறம் மாறும், அதை அண்ணாச்சி முதல் நாளே சொல்லியிருக்கலாம். கேட்டதும் பிரிக்காத கட்டை மாற்றிக் கொடுத்தார், பச்சை எடுத்துக்கொண்டேன். அது பெரிய விஷயம்தான். ஆனால் இன்னொரு முறை கடை இருக்கிற விளக்குத்தூண் பக்கம் போய் வர எனக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்கச் செலவானது. வண்டி நிறுத்த இடமே கிடையாது. தீபாவளி நெருங்க நெருங்க அந்த வீதிகளில் நடக்கவே முடியாது. போவதானால் வார நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். கடையில் பில் தருவதில்லை, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அதைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் மாற்ற முடிந்தது.

புது வயர்க் கட்டைப் பிரிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. நடுவிலிருந்து உருவினால் சிக்கிக்கொள்ளும். முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களில் கட்டை மாட்டி வெளிப்பக்கத்திலிருந்து இழுத்தால் ஒழுங்காக வரும். அளக்க டேப் தேவைப்படவில்லை. எங்கள் ஹாலில் ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் இடையே உள்ள தூரம் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கம்பிப் பக்கம் வயர் நுனியைப் பிடித்துக்கொள்வாள், நான் வெட்டுவேன். ஒரு கூடைக்கான வயரை எண்ணிக் கட்டி, ஒரு கவரில் போட்டுவிடுவோம். வாரத்துக்கு நான்கு கவர். வெட்டிய வயரை கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் சுருள் போய் நிமிர்ந்துவிடும். மதுரை வெயிலுக்குப் பத்து நிமிஷம் போதும்.

கூடையின் அடிப்பாகத்தை மட்டும் யாரும் பேச்சுக் கொடுக்காத நேரத்தில் போடுவேன். வயரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிற இடம் அது, எண்ணிக்கை தப்பினால் எல்லாம் தப்பும். அடி முடிந்து, சுவரைச் சுற்றிப் போகிற ரன்னிங் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் கை தானாகப் போகும். மேல் விளிம்பில் மிஞ்சிய நுனிகளை உள்பக்க முடிச்சுக்குள் சொருகுகிற வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். “கால்தான் வலிக்குது, கை நல்லாத்தானே இருக்கு, கொடு” என்று அவரே வாங்கிக்கொண்டார். என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். பத்தாவது கூடைக்கு வந்தபோது எனக்கு ஒரு மணி பத்து நிமிஷம்தான் ஆனது.

விரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல வயராக இருந்தாலும் முடிச்சை இழுத்து இறுக்கும்போது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அறுக்கும். ஊசி போடுகிற வேலையில் நாள் முழுக்க ஸ்பிரிட்டில் கை படுகிறது. அறுந்த இடத்தில் ஸ்பிரிட் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டாவது வாரத்திலிருந்து துணிப் பிளாஸ்திரியை விரலில் சுற்றிக்கொண்டுதான் பின்னினேன். இதை முதல் நாளே செய்ய வேண்டும்.

இவ்வளவு திட்டம் போட்டும் முப்பது முடியவில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதே நேரத்தில் மகளுக்குக் காய்ச்சல். எட்டு நாள் வயரைத் தொடவே இல்லை. செப்டம்பர் 21, மகாளய அமாவாசை அன்று படி கட்டி, பொம்மைகளை இறக்கித் துடைத்து, விளாச்சேரியில் வாங்கிய புதுப் பொம்மையை வைத்து நிமிர்ந்தபோது இருபத்து நான்கு கூடை தயாராக இருந்தது. ஆறு கவர் பிரிக்காமல் கிடந்தது. நவராத்திரி நாட்களில் இராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தினம் ஒரு சுண்டல், மாலையில் வருகிறவர்கள், நடுவில் ஒரு நாள் மீனாட்சியம்மன் கோயில் கொலு. முடியவில்லை. சரி, கடைசியாக வந்த ஆறு பேருக்கு ரவிக்கைத் துணியைக் காகித உறையில் வைத்துக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா அந்த உறையை வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இராத்திரி தூக்கம் வரவில்லை. பள்ளி விடுமுறையில் ஆறையும் பின்னி, தீபாவளிக்கு முறுக்கு போட்டு அந்த ஆறு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உறையும் நல்லாத்தாண்டி இருந்துச்சு” என்றார்.

அரைக் கட்டுக் கூடையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு வாழைப்பழம், மடித்த ரவிக்கைத் துணி, முழப் பூ வைக்கலாம். தேங்காய் கொள்ளாது. தாம்பூலத்தில் தேங்காய் வைத்துக் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் ஒரு முழுக் கட்டு வயரில் பின்னுங்கள், விலையும் நேரமும் இரண்டு மடங்காகும்.

பிளாஸ்டிக் எதற்கு, ஓலையில் செய்யலாமே என்று கேட்டார்கள். செட்டிநாட்டுப் பக்கம் பின்னுகிற ஓலைக் கொட்டானும், மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டியும் எனக்கு மிகவும் பிடிக்கும். விலைக்கு வாங்கிக் கொடுப்பதானால் அதைத்தான் வாங்குவேன். ஆனால் எனக்கு ஓலை பின்னத் தெரியாது, தெரிந்ததை வைத்துத்தானே கொடுக்க முடியும். நல்ல வயரில் பின்னிய கூடையை யாரும் ஒரு தடவையில் தூக்கிப் போடுவதில்லை. அம்மா எனக்குப் பின்னிக் கொடுத்த சாப்பாட்டுக் கூடை இன்னும் ஊரில் இருக்கிறது, பச்சையும் வெள்ளையும். கைப்பிடி மட்டும் ஒரு தடவை மாற்றியிருக்கிறார்.

அடுத்த வருஷம் பதினெட்டு கூடை போதும் என்று இருக்கிறேன். ஆடி முதல் வாரமே அதே அண்ணாச்சி கடையில் நிறம் எல்லாம் மொத்தமாக வாங்கிவிடுவேன்.

தெருமுனையில் பூ விற்கிற அம்மாவுக்கு முதல் நாளே ஒரு கூடை கொடுத்திருந்தேன், மஞ்சளும் சிவப்பும். அவர் அதில் நூல்கண்டும் சில்லறையும் வைத்திருக்கிறார். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் தினமும் அதன் மேலும் விழுகிறது, வெயிலும் படுகிறது. நேற்று பூ வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருக்கிறது. “இன்னொண்ணு பின்னித் தாயேன் தாயி, பேத்திக்குப் பள்ளிக்கூடத்துக்கு” என்றார். பெரிய கூடையாகப் போட இரண்டு கட்டு வாங்க வேண்டும்.