கொழும்பு மிருக வைத்தியருக்கு எந்த இணையப் படிப்பு? ஒரு லாப்ரடோரை வைத்து ஓர் அலசல்

நாய்க்கு இரண்டு வயது. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி வீடு, காலையும் மாலையும் தண்டவாளப் பக்கம் நடைக்குக் கூட்டிப்போவார்கள். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, காய்ச்சல், முரசு கடதாசி போல வெளிறிக் கிடந்தது. காதுக்குள் உண்ணி. இரத்தத் துளியைக் கண்ணாடியில் இழுத்து, நிறமேற்றிப் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் பொடி மோதிரங்கள்: பபீசியா கிப்சோனி, உண்ணி கடித்துப் பரப்புகிற இரத்த ஒட்டுண்ணி. கை தானாக இமிடோகார்ப் போத்தலைத் தேடிப் போகிறது. அந்த மருந்து பெரிய வகைப் பபீசியாவை அடிக்கும். இந்தப் பொடியனிடம் அவ்வளவு எடுபடாது. இதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள் கொடுக்கவேண்டும். அட்டோவாகுவோனுக்கு நான் கொழும்பில் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கியிருக்கிறேன். கிடைத்தாலும், விலையைக் கேட்டதும் நாயின் சொந்தக்காரர் கதிரையைத் தேடுவார்.

இரவு பதினொரு மணி. கிளினிக்கில் நானும் உதவியாளரும் மட்டும். அந்த நேரத்தில் எனக்கு யார் பதில் சொல்லுவார்? இணையவழிக் கற்கை என்று விற்கப்படுகிற எல்லாவற்றையும் நான் இந்தக் கேள்வியால்தான் எடைபோடுகிறேன். சான்றிதழின் தடிப்பைப் பார்த்து அல்ல.

எங்கள் எல்லோருக்கும் தாய்வீடு பேராதனை ஒன்றுதான். மாடு, எருமை, ஆடு, கோழி, அதற்குப் பிறகு நாய் பூனை என்று படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்தால், வரிசை தலைகீழ். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுப் பழகினவள், மூத்திரம் அடைபட்ட பேர்சியன் பூனைக்கு நூல் மாதிரிக் குழாய் போடவேண்டியிருக்கிறது. மிச்சத்தை வேலை செய்துகொண்டே படிக்கவேண்டியதுதான்.

கேட்டால் பதில் வரும் இடம்

முதலில் வி.ஐ.என்., மிருக வைத்தியர்கள் கேட்டுப் பதில் பெறும் இணைய வலையமைப்பு. 1991இல் அமெரிக்காவில் தொடங்கியது, தலைமையகம் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில். தொடங்கியவர்களில் ஒருவர் போல் பியன். பூனைகளின் இதயம் வீங்கித் தளர்வதற்கு உணவில் டோரின் என்ற அமினோ அமிலம் குறைவது காரணம் என்று 1987இல் காட்டியவர் அவர்தான். அந்த ஒரு கண்டுபிடிப்பால் பூனைத் தீனியின் கலவையே மாறியது. அப்படியானவர் தொடங்கிய இடம் என்பதாலோ என்னவோ, அங்கே பேச்சு நேரடியாக நோயாளியைப் பற்றித்தான் இருக்கும்.

சந்தா கட்டினால் பழைய கேள்வி பதில் முழுவதையும் தேடலாம், மருந்துக் கையேடு கிடைக்கும், வகுப்புகளும் உண்டு. ஆனால் நான் காசு கொடுப்பது இதற்கு: இரத்தப் பூச்சின் படத்தையும் ரிப்போர்ட்டையும் போட்டுக் கேட்டால், அந்தத் துறையின் நிபுணர் ஒருவர் வந்து பதில் எழுதுவார். நமக்கு இரவு பதினொரு மணி என்றால் கலிபோர்னியாவில் காலை ஒன்பதரை, பத்தரை. அவர்கள் வேலைக்கு வந்து கோப்பிக் கோப்பையோடு இருக்கிற நேரம். நான் நித்திரையால் எழும்பும்போது பதில் வந்திருந்தது. அட்டோவாகுவோன் கிடைத்தால் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடு, இல்லாவிட்டால் உறிஞ்சாது. கிடைக்கவே இல்லையென்றால் டொக்சிசைக்ளின், கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்து நீண்ட நாள் கொடுக்கலாம், மெதுவாகத்தான் வேலைசெய்யும், திரும்ப வரும் என்று எதிர்பார். இரண்டு மாதம் கழித்துப் பி.சி.ஆர். பார். இவ்வளவுதான். ஆனால் ‘கிடைக்காவிட்டால்’ என்ற அந்த ஒரு சொல்லை வேறு எந்தக் காணொளிப் பாடமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

குறை என்ன? டொலர். 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம், மே மாதத்தில் 360 அளவில். சந்தா ஒரு சதமும் ஏறாமலே எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவும் போதாதென்று வங்கி என் அட்டையின் வெளிநாட்டுக் கொடுப்பனவை நிறுத்திவைத்தது. இரண்டு மாதம் உள்ளே போகமுடியவில்லை. கை உடைந்தது மாதிரி இருந்தது. மாணவர்களுக்கு அங்கே காசில்லாமல் அங்கத்துவம் உண்டு என்பதைப் பேராதனையில் இருக்கும்போதே யாராவது என் காதில் போட்டிருக்கலாம்.

வருடம் முழுக்க ஒரே பாடம்

சிட்னிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சி.வி.ஈ. என்ற நிலையம், மிருக வைத்தியர்களின் தொடர்கல்விக்கென்றே 1965இல் தொடங்கியது. அவர்களுடைய தொலைக்கல்வி, பெப்ரவரி அளவில் தொடங்கி வருடக் கடைசி வரை இழுபடும் ஒரே பாடம்: தோல் நோய், உள்மருத்துவம், அவசர சிகிச்சை, பூனை மருத்துவம் என்று ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். பாடக் குறிப்புகள் வரும், ஒப்படைகள் இருக்கும், உங்கள் கிளினிக்கில் பார்த்த நோயாளியைப் பற்றியே எழுதி அனுப்பினால் ஆசிரியர் திருத்தி அனுப்புவார்.

இதைப்போல மனிதரை மாற்றுகிற படிப்பு வேறில்லை. தோல் பாடம் செய்து முடித்த என் சிநேகிதி ஒருத்தி இப்போது சொறிகிற நாயைக் கண்டதும் ஸ்டீரொய்ட் ஊசியைத் தூக்குவதில்லை. முதலில் செலோடேப்பை எடுத்துத் தோலில் ஒட்டி உருப்பெருக்கியில் வைக்கிறாள். அந்த ஒரு பழக்கமே கட்டணத்துக்குச் சரி. ஆனால் தனியாகக் கிளினிக் நடத்துகிறவளுக்கு ஒரு வருடம் என்பது நீண்ட வருடம். நான் ஒருமுறை தொடங்கி, ஐந்தாம் மாதத்தில் ஒப்படை ஒன்றைத் தவறவிட்டு, அடுத்ததையும் விட்டு, கடைசியில் குறிப்புகளை மட்டும் வாசித்து முடித்தவள். பிழை அவர்களுடையது அல்ல.

இன்னொன்று, புவியியல். அவுஸ்திரேலியாவில் நாய்களுக்கு விசர் நோய் இல்லை. உண்ணியால் நாய்க்கு வருகிற எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி அங்கே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 2020இல். நமக்கு அது அன்றாடச் சோறு கறி. 1893இலேயே விசர்நாய்க்குக் கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது. இங்கே நடை தடுமாறி, குணம் மாறி ஒரு நாய் வந்தால் முதலில் கையுறையைப் போட்டுவிட்டுத்தான் மற்ற யோசனை. வெளிநாட்டில் செய்த நரம்பியல் பாடத்தில் விசர் நோய் அட்டவணையின் அடியில் ஒரு வரியாகக் கிடக்கும். நமது லாப்ரடோருக்கு சிட்னி என்ன செய்யும் என்றால், இரத்தச்சோகையை எப்படி ஒழுங்காக யோசிப்பது என்று சொல்லித் தரும். மருந்துக் கதையை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிரித்தானியச் சான்றிதழ்கள், எடின்பரோவின் இணையவழி முதுகலை எல்லாம் இதே குடும்பம்தான், கட்டணம் பவுணில். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் யோசியுங்கள். இல்லாவிட்டால் கடந்து போகலாம்.

இரவு ஒன்றரை மணி வெபினார்

பிரித்தானியாவில் பதிவுபெற்ற மிருக வைத்தியர் வருடத்துக்கு 35 மணித்தியாலத் தொடர்கல்வி காட்டவேண்டும். 2010இல் அங்கே தொடங்கிய ‘த வெபினார் வெட்’ போன்றவை வெட்டி விற்கிற ஒரு மணித்தியாலத் துண்டுகளின் அளவு அந்த விதிக்குப் பொருந்துவது. நல்ல பேச்சாளர்கள் வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 35 மணி அவர்கள் வீட்டுக் கணக்கு, நம்முடையது அல்ல.

நேரத்தைப் பாருங்கள். லண்டனில் இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் நமக்கு விடியப்புறம் ஒன்றரை. நியூயோர்க்கில் இரவு எட்டு என்றால் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை அல்லது ஆறரை. பரவாயில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டே ஒரு காதால் கேட்கலாம். சிட்னியில் பின்னேரம் ஏழரை நமக்குப் பகல் இரண்டு அல்லது மூன்று மணி, கத்தி கையில் இருக்கிற நேரம். பதிவைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். பிறகு பார்க்கலாம் என்று வைத்த காணொளிகளில் நான் பார்த்து முடித்தவற்றை விரல்விட்டு எண்ணலாம், ஒரு கையே போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது நேரலை என்ற சொல்லே பகிடியாகிவிட்டது.

இலவசம், ஆனால் யாருடைய இலவசம்?

ஹில்ஸ், ரோயல் கனின், பியூரினா என்ற நாய் பூனைத் தீனிக் கம்பனிகள் மூன்றும் மிருக வைத்தியர்களுக்கு இலவசப் பாடங்கள் வைத்திருக்கின்றன. அழகாகச் செய்யப்பட்டவை. சிறுநீரக நோயின் படிநிலைகள், மூத்திரக் கல், உடற்பருமன் எல்லாம் தெளிவாக இருக்கும். ஹில்ஸ் கோல்கேட் கம்பனியுடையது, பியூரினா நெஸ்லேயுடையது, ரோயல் கனின் மார்ஸுடையது. மார்ஸ் மேற்கில் மிருக வைத்தியசாலைச் சங்கிலிகளையும் வாங்கி வைத்திருக்கிறது. ஆக, அநேகமாக எல்லாப் பாடமும் ஒரு தீனிப் பையில் போய் முடியும். கொட்டாஞ்சேனையில் சோறும் சாளை மீனும் தின்று வளர்ந்த பன்னிரண்டு வயது நாய்க்குச் சிறுநீரகம் பழுதானால், சோற்றை வைத்துக்கொண்டே பொஸ்பரசை எப்படிக் குறைப்பது என்ற என் கேள்விக்கு அங்கே நான் பதில் காணவில்லை. ஆனாலும் என் உதவியாளரை அந்தப் பாடங்களுக்குத்தான் அனுப்புகிறேன். பிராணியைப் பிடிப்பது, எடையும் உடல்நிலைப் புள்ளியும் எடுப்பது போன்றவை அங்கே நன்றாக இருக்கின்றன. ஆங்கிலம் இடறுகிற இடத்தில் நான் பக்கத்தில் இருந்து தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுகிறேன்.

கம்பனி சாராத இலவசம்தான் தங்கம். ட்ரொக்காப் என்று ஒரு குழு, வெப்பவலய நாடுகளின் நாய் பூனை ஒட்டுண்ணிகளுக்காகவே. வழிகாட்டிகளை யாரும் இறக்கி வாசிக்கலாம். ஐரோப்பியப் பாடங்கள் கொக்கிப்புழு என்றால் கேனினம் என்ற ஓர் இனத்தோடு நிறுத்திக்கொள்ளும். அன்சிலொஸ்டோமா சிலானிக்கம் என்ற இன்னொன்று, 1911இல் நம் தீவுப் புனுகுப்பூனையிலிருந்து விவரிக்கப்பட்டு நம் தீவின் பெயரையே சுமக்கிறது. மனிதக் குடலிலும் வளர்ந்து முட்டையிடும். அதைத் தலைப்பில் வைத்துப் பேசுகிறவர்கள் இவர்கள்தான். லாப்ரடோரின் பபீசியாவுக்கும் இங்கே நேரான பதில் உண்டு, சந்தா இல்லாமல்.

அடுத்தது டபிள்யூ.எஸ்.ஏ.வி.ஏ. என்கிற உலகச் சிறுபிராணி வைத்தியச் சங்கத்தின் வழிகாட்டிகள். 2024 தடுப்பூசி வழிகாட்டி, எலிக்காய்ச்சல் பரவியிருக்கிற நாடுகளில் அதன் ஊசியை நாய்களுக்குக் கட்டாயப் பட்டியலில் சேர்த்தது. மழை விட்டதும் கான் நிரம்புகிற கொழும்புக்கு இதைவிட நேரடியான செய்தி என்ன? குட்டியின் கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன் முடியக்கூடாது என்பதும் அங்கே இருக்கிறது. ‘மூன்று ஊசி போட்டாச்சு மிஸ்’ என்று பத்து வாரக் குட்டியின் அட்டையை நீட்டுகிறவர்களுக்கு நான் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஈகிளின்பாத் இணையத்தளம் இரத்தப் பூச்சுப் படங்களுக்கு. பூனைக்கு ஜே.எஃப்.எம்.எஸ். சஞ்சிகை, 2023 முதல் எல்லோருக்கும் திறந்தது. நான் படித்த காலத்தில் பூனையின் எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோய் என்றால் மரணம். 2019க்குப் பிறகு ஜி.எஸ். மருந்து வந்து அந்தப் பாடத்தையே புரட்டிப்போட்டது. அட்டை கிழிந்த பழைய புத்தகத்தை நம்பியிருந்தால் எத்தனை பூனையை வீணாகத் தூங்கவைத்திருப்போம்.

திரையால் வராதது

பாம்பு. அமெரிக்கப் பாடத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு, அவுஸ்திரேலியப் பாடத்தில் பழுப்புப் பாம்பு. ஹோமாகமப் பக்கத்திலிருந்து முகம் வீங்கி வருகிற நாயைக் கடித்தது கோப்பி விரியனாக இருந்தால், நம்மிடம் உள்ள இந்தியப் பல்விஷ முறிமருந்தில் அதற்குப் பதில் இல்லை. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை நான்குக்கும்தான் அது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எந்த இணையப் பேராசிரியரும் அல்ல, எனக்கு முன்னால் இருபது வருடம் கொழும்பில் வேலைசெய்த ஒரு சேர்.

அறுவையும் அப்படித்தான். டபிள்யூ.வி.எஸ். என்ற மிருக வைத்தியத் தொண்டு அமைப்பின் இலவச இணையப் பாடங்கள் கருத்தடை அறுவைக்கு நல்ல முன்தயாரிப்பு, ஆனால் கை பழகுவதற்கு அவர்களே ஊட்டியில் ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். மூச்சும் இதயமும் நின்ற பிராணிக்கான ரிகவர் முறை 2012இல் வந்து 2024இல் புதுப்பிக்கப்பட்டது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்று திரையில் படிக்கலாம். இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பாருங்கள், கை சொல்லும் மிச்சத்தை.

பேராதனையில் படித்து முடித்துப் புதிதாக வெளியே வந்த ஒரு தங்கச்சி போன மாதம் கேட்டாள், ‘அக்கா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, எதைச் செய்ய?’ வேறு கிளினிக்கில் மூத்தவர்களோடு வேலை செய்கிறவள் என்பதால், முதல் இரண்டு வருடம் எதற்கும் கட்டாதே, ட்ரொக்காப்பையும் தடுப்பூசி வழிகாட்டியையும் கரைத்துக் குடி, பிறகு சிட்னியில் ஒரு பாடம் எடு, ஒப்படையைத் தவறவிடாதே என்றேன். தனியாகக் கிளினிக் திறக்கிற அன்றைக்கு வி.ஐ.என். சந்தாவை வாடகையோடு சேர்த்துக் கணக்கில் எழுது என்றும் சொன்னேன். வெபினாரைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லாப்ரடோர் பிழைத்துவிட்டது, நடுவில் ஒருமுறை திரும்ப விழுந்து எழும்பினது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை உண்ணி மாத்திரைக்கு வரும். அந்த மாத்திரைக் கம்பனி வருகிற வெள்ளிக்கிழமை இலவச வெபினார் ஒன்று வைக்கிறதாம், தலைப்பு உண்ணிக் காய்ச்சல். பெயர் கொடுத்திருக்கிறேன்.