பிறவி முதுகு வளைவு: எலும்பை எடுப்பதா, வளரும் கம்பியா?

எங்கள் மகளுக்கு முள்ளெலும்புகளில் ஒன்று பிறவியிலேயே பாதிதான் உருவாகியிருந்தது. ஹெமிவெர்டிப்ரா என்பார்கள். முதுகு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போனது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். நாங்கள் எலும்பை எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, கோவையில் அவளது நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்தோம். இன்றும் என் மனம் அந்தப் பக்கம்தான்.

பெல்ட்டும் எண்ணெய் நீவலும் இதற்கு உதவாது. எலும்பின் உருவமே கோணல். கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று தாயைக் குறை சொல்வதையும் விட்டுவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில், பல பெண்களுக்குக் கரு தங்கியது உறுதியாகும் முன்பே, நடந்துவிடுகிற விஷயம் இது. இதயமும் சிறுநீரகமும் உருவாவதும் அந்த நேரத்தில்தான். அதனால் எந்த வழியானாலும் எக்கோ, சிறுநீரக ஸ்கேன், தண்டுவட எம்.ஆர்.ஐ. மூன்றும் முதலில் முடியட்டும்.

எல்லா வளைவும் அதிகமாகிக்கொண்டே போவதில்லை. ஆனால் அதிகமாகிற வளைவைப் பதின்வயது வரை விட்டால் விறைத்துப்போகும். அப்புறம் செய்யும் அறுவை பெரிது, தண்டுவடத்துக்கு ஆபத்தும் அதிகம்.

வளரும் கம்பியில், வளைவுக்கு மேலும் கீழும் பிடிமானம் வைத்துக் கம்பி பொருத்தி, குழந்தை வளர வளர நீட்டுகிறார்கள். இதற்கு நல்ல காரணம் உண்டு. ஐந்து வயதுவரை முதுகெலும்பு ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வளரும். அந்த வயதில் மார்புப் பகுதியின் முள்ளெலும்புகள் பலவற்றை ஒன்றாக இணைத்துவிட்டால் நெஞ்சுக்கூடு சிறுத்து, நுரையீரல் வளர இடமில்லாமல் போகும்.

என்னைத் தயங்க வைத்தது பொருத்திய பிறகு வரும் பராமரிப்பு. சாதாரணக் கம்பியை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து, பழைய தழும்பைத் திறந்துதான் நீட்ட வேண்டும். பல ஆண்டுகள் இப்படியே போகும். திறக்கும் ஒவ்வொரு முறையும் தொற்று வரலாம். நடுவில் கம்பி உடையலாம், பிடிமானம் கழன்று வரலாம். போகப் போக முதுகு தானாகவே இறுகி, கிடைக்கும் நீளமும் குறைகிறது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. தறி ஷிஃப்டை விட்டு, பள்ளியை விட்டு, கோபியிலிருந்து கோவைக்கு ஒவ்வொரு முறையும் போய்த் தங்கும் செலவும் சேரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், முதல் அறுவையோடு பின்னால் வரும் நீட்டல்களுக்கும் செல்லுமா என்று முன்பே கேளுங்கள். காந்தத்தால் வெளியிலிருந்தே நீட்டும் கம்பியும் உண்டு. ஆனால் விலை மிக அதிகம், உடைவதும் உண்டு. பிரிட்டனில் 2020-இல் அதைப் புதிதாகப் பொருத்துவதை நிறுத்தி வைத்தார்கள்.

எலும்பை எடுப்பதில், பாதி எலும்பை எடுத்துவிட்டு அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைக்கிறார்கள். இதில் ஆபத்து ஒரே நாளில் திரண்டு நிற்கிறது. தண்டுவடத்தை ஒட்டியே வேலை. மிகச் சிலருக்குக் கால் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாடு போவது வரை நடக்கலாம். அறுவையின்போது நரம்பு சமிக்ஞையைக் கண்காணிக்கும் வசதி இல்லாத இடத்தில் செய்யவே வேண்டாம். சின்ன எலும்பில் ஸ்க்ரூ தளரலாம், ரத்த இழப்பும் உண்டு.

அவளுடைய அம்முச்சி டாக்டரிடம், "ஏனுங்க சார், ஒருக்கா அறுத்தா முடிஞ்சு போயிருங்களா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் முடிஞ்சிரும்ங்க அம்மா. ஆனா வளர்ந்து முடியற வரைக்கும் எக்ஸ்ரே பார்த்துட்டே இருக்கோணும்."

அந்த "பெரும்பாலும்" எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அறுவைக்குப் பிறகு எலும்பு சேரும்வரை சில மாதம் பெல்ட், அப்புறம் பள்ளி. இணைத்தது சில எலும்புகளைத்தான். மீதி முதுகு வளர்கிறது. ஆனாலும் பதின்வயதின் வேகமான வளர்ச்சி அவளுக்கு இன்னும் வரவில்லை. அப்போது மேலேயோ கீழேயோ புது வளைவு வந்தால் இன்னொரு அறுவை தேவைப்படலாம். வளரும் கம்பியை நான் பார்த்ததும் வார்டில் பக்கத்துப் படுக்கையிலிருந்த குடும்பத்தின் வழியாகத்தான்.

நான் சொல்வது ஓரிரு எலும்பில் மட்டும் குறை உள்ள குழந்தைக்குப் பொருந்தும். பல முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு ஒன்றை எடுத்து ஆவதில்லை. அங்கே நுரையீரலைக் காப்பாற்ற, கம்பி போன்ற வளரவிடும் வழியைத்தான் மருத்துவர் சொல்வார். அப்படிச் சொன்னால் என் சாய்வைப் பொருட்படுத்தாமல் அதற்கே போங்கள். நீட்டலுக்கு யார் கூட வருவது, பணம் எங்கிருந்து என்பதை மட்டும் முதல் அறுவைக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.