பழைய ஸ்டீல் கிட்டாருக்கு 'வம்சாவளி' எடுத்துத் தருகிறோம் என்று வந்தால் உஷார்: 42,000 ரூபாய் போன கதை

42,000 ரூபாய் போச்சு. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம். நாலு நாள் கழிந்தால் 'போனது போகட்டும்' என்று நமக்கே தோன்றிவிடும். இந்த ஆட்கள் பிழைப்பதே அந்த நினைப்பில்தான்.

ஆள் யார் என்று கேட்காதீர்கள், புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பழைய இசைக்கருவிகளுக்கு வரலாறு தேடித் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்யும் சேவை அது. கிட்டார், வயலின், ஆர்மோனியம் என்று எதைக் கொடுத்தாலும் எந்த வருஷம் செய்தது, யார் யார் கைக்கு மாறியது என்று சான்றிதழோடு தருவார்களாம். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாசரேத் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது அந்த விளம்பரம் சுற்றுகிறது.

கருவி, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து எங்களிடம் பழுதுபார்க்க வந்தது. ரிக்கன்பேக்கர் கம்பெனியின் ஆறு கம்பி ஸ்டீல் கிட்டார். கறுப்பு பேக்கலைட் (பழைய காலக் கெட்டி பிளாஸ்டிக்) உடம்பு, மடியில் வைத்து வாசிப்பது. அந்தக் கம்பெனியின் பேக்கலைட் வரிசை 1935-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் வந்தது அலுமினியத்தில் வார்த்த, வாணலி போல இருக்கும் மாடல். எந்தக் காலத்துக் கருவி என்று கணிப்பது எங்களுக்கே தெரிந்த வேலை, அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. முன்னால் யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. வீட்டுப் பெரியவர்கள் கொழும்பு என்கிறார்கள், ஒரு பாட்டி கல்கத்தா என்கிறார். அங்கெல்லாம் போய் விசாரிக்க நம்மால் ஆகாது.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும், அடுத்தவர்களும் அங்கேதான் விழுவார்கள். போனில் பேசியவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "பிக்கப் மேல இருக்கிற லாடக் காந்தத்தோட அகலம் எத்தனை மில்லிமீட்டர் சார்?" விஷயம் தெரிந்தவன் மட்டுமே கேட்கிற கேள்வி அது. பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். இந்த மாடலில் அதில் இரண்டு லாடக் காந்தங்கள் எதிரும் புதிருமாக நிற்கும், கம்பிகள் அவற்றின் நடுவே போகும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்ததில் காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். போருக்குப் பின் ஒன்றேகால் அங்குலம், சுமார் 32. ஸ்கேல் வைத்து அளந்து 32 என்று சொன்னோம். "கரெக்ட், நோட் பண்ணிக்கிட்டேன்" என்றார். முன்பணம் 15,000 ஜிபே-யில் போனது. 'வரைவு ரெடி' என்றதும் பாக்கி 27,000. ஆக மொத்தம் 42,000.

அறிக்கை வந்தது. வழவழ தாள், கலர் அச்சு, மூலையில் ஹோலோகிராம் ஸ்டிக்கர். முதல் பக்கத்திலேயே 'தயாரிப்பு ஆண்டு 1936'!

அளவை வாங்கிக் குறித்துக்கொண்ட அதே ஆள், 32 மில்லிமீட்டர் காந்தத்தை வைத்துக்கொண்டு 1936 என்று எழுதுகிறான். போருக்கு முந்திய பேக்கலைட்டில் கம்பிகள் உடம்பைத் துளைத்து அடிப்பக்கமிருந்து மேலே வரும். இதில் கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கத் தனியாக டெயில்பீஸ் இருக்கிறது. உள்ளே வால்யூம் 'பாட்' (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்பாகம்) முதுகில் 304827 என்று குத்தியிருக்கிறது. முதல் மூன்று எண் அந்த பாட்டைச் செய்த கம்பெனியின் குறியீடு, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த 8 வருஷத்தின் கடைசி எண், 27 வாரம். ஏழு எண் இருந்தால் வருஷத்துக்கு இரண்டு எண் கிடைக்கும். இதில் ஆறுதான், ஆகவே 1948-ஆகவும் இருக்கலாம், 1958-ஆகவும் இருக்கலாம். காந்தம், டெயில்பீஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1948 பொருந்துகிறது. பாட்டின் தேதி 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். வாங்கிவைத்த சரக்கைப் பிறகு பூட்டியிருக்கலாம், இடையில் யாராவது மாற்றியுமிருக்கலாம். அதனால் சால்டரை, அதாவது ஈயப் பற்றவைப்பைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சால்டரிலும் கை வைத்த தடம் இல்லை.

(பாட் எண் பார்க்கிறேன் என்று திருகுகளை முறுக்கித் தள்ளிவிடாதீர்கள். பேக்கலைட் நொறுங்கும் சாதி, திருகை அளவுக்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும். எண்ணின் மேல் துணி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் போதும்.)

வருஷம் போகட்டும், முந்தைய உரிமையாளர்கள் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

முதல் உரிமையாளர், 1938-ல் கல்கத்தா ஓட்டல் ஒன்றில் ஆர்கெஸ்ட்ரா வாசித்தவராம். கல்கத்தாவில் ஹவாயன் கிட்டார் (இந்த ஸ்டீல் கிட்டாருக்கு இன்னொரு பெயர்) வேரூன்றியது உண்மை. ஹவாய் இசைக்கலைஞர்களான தாவ் மோ குடும்பம் 1940-களில் அங்கே தங்கி வாசித்திருக்கிறது. நிஜத்துக்குப் பக்கத்தில் பொய்யை உட்கார வைத்தால் யாருக்கும் சட்டென்று சந்தேகம் வராது. ஆனால் 1948-ல் செய்த பாட் உள்ளே இருக்கும் கருவியை 1938-ல் வாசிப்பது எப்படி?

ஆதாரமாக ஒரு போட்டோ. கறுப்பு வெள்ளை, கோட் போடாமல் சட்டையோடு ஒருவர் மடியில் கிட்டார். உடம்பில் ஒரு கீறலைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, 'உங்கள் கருவியில் உள்ள அதே கீறல்' என்று குறிப்பு. நன்றாகப் பாருங்கள்: அவருடைய சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது. கம்பிகள் மேல் வழுக்கும் ஸ்டீல் பார் வலது கையில், கம்பியை மீட்டும் விரல் பிக் இடது கையில், வழக்கத்துக்கு நேர்மாறாக. இடதுகைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம், சட்டைப் பையுமா இடம் மாறும்? எங்கிருந்தோ எடுத்த படத்தை, தேடினால் மாட்டக்கூடாது என்று இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் நேராக்கினால் அந்தக் கீறல் கிட்டாரின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. அதாவது, படத்தைத் திருப்பிய பிறகு கீறலை வரைந்திருக்கிறார்கள்.

அடுத்தது மவுண்ட் ரோடு கடையின் ரசீது நகல், தேதி 1953. தொகை 'ரூ. 385.75'. அணா போய் நயா பைசா வந்ததே 1957 ஏப்ரல் 1-ல். 1953-ல் எழுதினால் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் இருக்கும். அதே ரசீதின் தலைப்பில் 'சென்னை - 600 002'. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. 1953 கடைக்காரருக்கு ஜோசியம் தெரியும் போல.

பிறகு கொழும்பிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று '1967-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடியில் இறங்கியது' என்று ஒரு பத்தி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் ராமேசுவரத்தில் இறங்கினார்கள். நம் பக்கம் சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கடைசியில் 1968 தேதியிட்ட ஒரு கடிதம், முகவரியில் 'தூத்துக்குடி மாவட்டம்'. 1986-ல்தான் அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது, பிரிந்தபோதும் சிதம்பரனார் மாவட்டம் என்றுதான் பெயர். இதற்கா 42,000 ரூபாய்?

கேட்டோம். முதலில், "டீம்ல கேட்டுட்டு கால் பண்றோம் சார்." கால் வரவில்லை. நாங்கள் அடித்தால், "அந்தக் காந்தத்தைப் பின்னாடி யாராவது மாத்தியிருப்பாங்க." மாற்றியிருந்தால் கை வைத்த தடம் இருக்கும், சால்டர்கூடக் கலையவில்லை என்று போட்டோ அனுப்பினோம். பதில் இல்லை. தனுஷ்கோடியைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. "வரலாறுன்னா ஒரு தோராயம்தானே அண்ணாச்சி, இதையெல்லாம் போய்ப் பெருசு பண்றீங்க." அதுவரை சார், பணத்தைத் திருப்பிக் கேட்டவுடன் அண்ணாச்சி! ஒரிஜினல் ரசீதைக் காட்டுங்கள் என்றால், "அது கிளையன்ட் ரகசியம்." கிளையன்ட் நாங்கள்தானே வே! ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "ஆராய்ச்சிக் கட்டணத்துக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். அதற்குப் பிறகு அனுப்பும் மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக்தான். வேறு நம்பரிலிருந்து அடித்தால், பெயரைச் சொன்னதும் கட்.

இதில் இன்னொரு கேடு இருக்கிறது. இந்த அறிக்கையை நம்பி அந்த வீட்டார் கருவியை '1936, போருக்கு முந்தியது' என்று விற்றிருந்தால், வாங்கினவன் நாளைக்கு அவர்கள் கழுத்தைப் பிடிப்பான்.

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தோம், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

கருவியின் அளவுகளையும் உள் எண்களையும் முதலில் யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்களே அளந்து தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு, அவர்களை முதலில் வருஷம் சொல்லச் சொல்லுங்கள். சீரியல் எண்ணை மட்டும் பார்த்து வருஷம் சொல்கிறவனை நம்ப வேண்டாம்.

பழைய காகிதம் என்று எது வந்தாலும் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அணாவா பைசாவா, பின்கோடு உண்டா, மாவட்டப் பெயர் என்ன, இந்த மூன்றை மட்டும் பார்த்தாலே பாதி பொய் உதிர்ந்துவிடும். போட்டோ என்றால் சட்டைப் பை.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். உள் துணிக்கு அடியில், மூடியில், கைப்பிடிக்குப் பின்னால் கடை லேபிளோ கப்பல் ஸ்டிக்கரோ இருக்கலாம். எங்களிடம் வந்த கருவிக்குப் பெட்டி இல்லை. இருந்திருந்தால் இந்த ஆளிடம் போயிருக்கவே வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்தவுடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் அவர்கள் கணக்கிலிருந்தும் போய்விடும். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனியாக வையுங்கள்.

அந்த விளம்பரம் உங்கள் குழுவிலும் வந்திருந்தால், அட்மினிடம் சொல்லி இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.