நற்பழக்க நட்சத்திரப் பலகை: மூன்று மாதம் பயன்படுத்திய ஒரு பாட்டியின் மதிப்புரை

பேரப்பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்களாகவும் இரக்கம் உள்ளவர்களாகவும் வளரவேண்டும் என்ற ஆசையில், ஏழு வயதுப் பேத்திக்கும் நான்கு வயதுப் பேரனுக்குமாக இந்தப் பலகையை வாங்கினேன். ‘நன்றி சொன்னேன்’, ‘பகிர்ந்துகொண்டேன்’, ‘பல் துலக்கினேன்’ என்று அச்சிட்ட வரிகளும், நாமே எழுதிக்கொள்ளச் சில வெற்று வரிகளும், வாரத்தின் ஏழு நாள்களுக்கான கட்டங்களும் இதில் உள்ளன. ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு காந்த நட்சத்திரம் ஒட்டி, வார இறுதியில் எண்ணிப் பார்த்துப் பரிசு தரவேண்டும் என்கிறது உடன்வரும் கையேடு.

முதலில் ஓர் எச்சரிக்கை. நட்சத்திரங்களின் பின்னால் ஒட்டியிருந்த காந்த வில்லைகளில் இரண்டு முதல் மாதத்திலேயே கழன்று விழுந்துவிட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களைக் குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கும் குடற்சுவரில் துளை உண்டாக்கக்கூடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை மாட்டவே வேண்டாம்.

பல் துலக்குவது, பொம்மைகளை எடுத்து வைப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பலகை நன்றாகவே உதவியது. இரண்டாவது வாரத்தில் நான் நினைவூட்ட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. ஒருநாள் என் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட, பேரன் தரையோடு தரையாகப் படுத்து, கையை நீட்டித் துழாவி எடுத்தான். எடுத்தவன் அதை என்னிடம் நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “பாட்டி, இதற்கு எத்தனை நட்சத்திரம்?” என்று கேட்டான். பலகை வருவதற்கு முன்பு, கேட்காமலே என் செருப்பைக் கொண்டுவந்து வைத்த பிள்ளை அவன்!

இது புதிதாகக் கண்டறியப்பட்ட விஷயமும் அன்று. ஓவியம் வரைவதில் விருப்பமுள்ள சிறு பிள்ளைகளிடம் முன்கூட்டியே பரிசு உண்டு என்று சொல்லி வரையச் சொன்னால், பிறகு அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்துவிடுகிறது என்று லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973-இல் எழுதினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தத் தளர்ச்சி இல்லை. வார்னெக்கன், தோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவி செய்ததற்குப் பொருள் கொடுக்கப்பட்ட 20 மாதக் குழந்தைகள் அடுத்தடுத்து உதவுவது குறைந்தது. வாயாரப் பாராட்டப்பட்ட குழந்தைகளிடம் அது குறையவில்லை. கையேட்டைத் தயாரித்தவர்கள் இதில் ஒரு பத்தியையாவது சேர்த்திருக்கலாம். பல் துலக்குவதையும் பகிர்ந்துகொள்வதையும் ஒரே தராசில் வைத்ததுதான் இந்தப் பலகையின் பெரிய பிழை என்பது என் கருத்து.

ஆகவே ‘நன்றி’, ‘பகிர்தல்’ ஆகிய வரிகளின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்துவிட்டேன். அன்றாடப் பழக்கங்களுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். பண்பை வளர்க்க என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொருள் கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர் ஒருவர் வாசலில் நின்றபோது, பேரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “எத்தனை முறை சொல்வது?” என்று அதட்டினான். அந்தச் சொல்லும் தொனியும் அப்படியே அவனுடைய தாத்தாவினுடையவை. நானும் தாத்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலை பேத்தி ஒரு வெற்று வரியில், ‘தாத்தா கத்தாமல் பேசினார்’ என்று எழுதிவைத்தாள். அவரும் மறுப்புச் சொல்லவில்லை. சென்ற வாரம் அந்த வரியில் இரண்டு நட்சத்திரங்கள் விழுந்தன. இந்த வாரம் வியாழக்கிழமைக்குள் மூன்று.