விசாரணைகளை விற்கும் செயலி: ஓர் எம்பிராய்டரித் தொழில்முனைவோரின் ஆறு மாத மதிப்பீடு

கம்ப்யூட்டர் எம்பிராய்டரித் தொழிலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு வாடிக்கையாளர்களைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்த இணையச் சேவை ஒன்றில், இயந்திரம் வாங்கிய கையோடு ஆறு மாதச் சந்தா கட்டினேன். குறைகளையும் எழுதவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். லோகோவோ பெயரோ தைத்துத் தரக் கேட்போரின் விவரங்கள், அதாவது விசாரணைகள், அதன் செயலியில் வரும். ஒவ்வொன்றையும் திறப்பதற்குச் சந்தாவிலிருந்து ஒரு புள்ளி கழியும். அதே விசாரணை வேறு நான்கைந்து பேருக்கும் போகும்.

சொன்னபடி விசாரணைகள் வந்தன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் நான் திறந்த 18 விசாரணைகளில் 7 வேலையாக மாறின. தவறான கைபேசி எண்களுக்குக் கழித்த புள்ளிகளையும் மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஏழில் ஐந்து, ஒரே ஓர் உருப்படிக்கான வேலைகள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ஒருவர் தம்முடைய ஜீன்ஸ் ஜாக்கெட்டின் முதுகில் ஒரு பெரிய படமும், அதன் கீழே 4 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு வரி எழுத்தும் கேட்டார். வழக்கமான 40 எண் நூலில் அவ்வளவு சிறிய எழுத்தைத் தைத்தால் உள்வளைவுகள் அடைபட்டுவிடும் என்று விளக்கி, அதைவிட மெல்லிய 60 எண் நூலுக்கும் மெல்லிய ஊசிக்கும் மாற்றி, பஞ்சிங் (வடிவத்தை இயந்திரம் படிக்கும் தையல் கோப்பாக மாற்றுவது) செய்து, பழைய ஜீன்ஸ் துண்டொன்றில் மாதிரி தைத்துப் பார்ப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. அதன் பிறகு 42,000 ஸ்டிட்ச். நிமிடத்திற்கு 700 என்ற வேகத்தில் நிற்காமல் ஓடினாலே ஒரு மணி நேரம். துணி அவருடையது என்பதால் ஊசி தவறிய இடத்தில் ஓட்டை விழுந்தால் புது ஜாக்கெட் வாங்கித் தர வேண்டியவன் நான்தான்; அந்த ஒரு மணி நேரமும் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. அவர் மனநிறைவோடு வாங்கிச் சென்றார், ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார், திரும்பி வரவில்லை. அவருக்கு இன்னொரு ஜாக்கெட்டுக்கு என்ன தேவை?

அதே மாதத்தில் வந்த ஒரு துப்புரவு நிறுவனத்தின் வேலையோ பார்வைக்குச் சாதாரணமானது: 12 போலோ சட்டைகளில் இடது மார்பில் லோகோ, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6,000 ஸ்டிட்ச். தைக்க ஒன்பது நிமிடம், துணியை இறுக்கிப் பிடிக்கும் பிரேம் மாட்டி நூல் வெட்ட மூன்று நிமிடம் என்று கணக்கிட்டாலும் இரண்டரை மணி நேரத்திற்குள் முடிந்தது. ஒரு சட்டை ஓடும்போதே அடுத்ததை இரண்டாவது பிரேமில் மாட்டிக்கொண்டதால் உண்மையில் அதைவிடவும் குறைவு. ஆறு வாரம் கழித்துப் புதிய பணியாளர்களுக்கென்று 4 சட்டைகள், பிறகு 6. பஞ்சிங் கோப்பு ஏற்கெனவே இருந்தது, நூல் எண்கள் குறிப்பேட்டில் இருந்தன. மாதிரியும் வேண்டாம், பேரமும் இல்லை.

இயந்திரம் ஓடும் ஒரு மணி நேரத்திற்கு எவ்வளவு மிஞ்சுகிறது, அந்த வேலை மறுபடி வருமா என்ற இரண்டைக் கொண்டுதான் இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரை எடைபோட முடியும். அந்தச் செயலியின் படிவமோ இவ்விரண்டையும் அறிய உதவும் எதையும் கேட்பதில்லை. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை உருப்படி, துணி யாருடையது, தனிநபரா நிறுவனமா என்று பார்த்துப் பிரித்தெடுக்கும் வசதி இல்லை. போதாக்குறைக்கு ஐந்து பேரிடம் ஒரே நேரத்தில் விலை கேட்பவர், தையலின் தரத்தைப் பார்க்குமுன்பே மிகக் குறைந்த விலையைப் பார்த்துவிடுகிறார்.

நான்காம் மாதம் முதல் பயன்படுத்தும் விதத்தை மாற்றினேன். பெயரைப் பார்த்தாலே நிறுவனம் என்று தெரியும் விசாரணைகளை மட்டும் திறந்தேன். 6 உருப்படிக்குக் குறைந்தால் எடுப்பதில்லை என்றும், பஞ்சிங் கட்டணம் முதல் முறை மட்டும் தனி என்றும் முதல் அழைப்பிலேயே சொன்னேன். பாதிப் பேர் விலகினார்கள். மீதமிருந்தவர்களில் பழுதுபார்ப்பு நிறுவனம் ஒன்றும் விளையாட்டுக் குழு ஒன்றும் இன்றும் வேலை தருகின்றன. மெல்லிய பனியன் துணியில் மார்பு முழுவதும் அடர்த்தியாகத் தைக்கச் சொன்னவர்களிடம், துணி சுருங்கிவிடும், அச்சே நல்லது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

எனக்கு இப்போது மிக அதிகமாக வேலை தருபவர்கள் அந்தச் செயலியில் தென்படவே மாட்டார்கள்: எம்பிராய்டரி இயந்திரம் இல்லாத ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்காரர்கள். அவர்களுடைய கடை லோகோவையே ஒரு துண்டுத் துணியில் தைத்து எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவர்கள் தரும் கூலி குறைவுதான். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவது, துணி வாங்குவது, பாக்கி வசூலிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஆகவே சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. புது இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று தவிப்பவர், கைப்பழக்கத்திற்காக ஒரு மாதச் சந்தா மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆறு மாதச் சலுகை வேண்டாம். எனக்கு மிஞ்சியிருந்த 23 புள்ளிகளும் சந்தா முடிந்த அன்றே காலாவதியாகிவிட்டன.