மகளாக இருந்து எழுதியவர்: 'வெயில்ட் சென்டிமென்ட்ஸ்' நூல் பற்றி

முஸ்லிம் வீடுகளைப் பற்றிய கள ஆய்வு நூல் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: எழுதியவர் அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்திருந்தார்? கூடத்திலா, அடுப்படியிலா? எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை ஆய்வாளர் ஒருவர் வந்தார். உம்மாவிடம் கேட்க வேண்டியதையும் வாப்பாவிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு வந்த கட்டுரையில் பெண்கள் பேசத் தயங்கினார்கள் என்று இருந்தது. உம்மா தயங்கவே இல்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மானிடவியலாளர் லீலா அபு-லுகோத் 1986-இல் வெளியிட்ட 'வெயில்ட் சென்டிமென்ட்ஸ்' (திரையிட்ட உணர்வுகள்) என்னும் இந்த ஆங்கில நூல், என் கேள்விக்கு முதல் அத்தியாயத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் வாழும் அவ்லாத் அலி என்னும் பெதூயின் (பாலைவன அரபுப் பழங்குடி) மக்களிடையே, 1970களின் இறுதியில், ஒரு குடும்பத்தோடு தங்கி அவர் ஆய்வு செய்தார். அவரை அங்கே அழைத்துப் போய் அறிமுகம் செய்தவர் பாலஸ்தீனரான அவருடைய தந்தை. ஆய்வுக்குப் போகும் பெண்ணுக்கு அப்பா துணையா என்று லீலாவுக்கே முதலில் கூச்சம். ஆனால் தனியே வந்து நிற்கும் இளம்பெண்ணை அம்மக்கள் என்ன நினைப்பார்கள் என்பது தந்தைக்குத் தெரிந்திருந்தது. இவளுக்குக் குடும்பம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது என்று காட்டவே அவர் உடன் போனார். லீலா அந்த வீட்டின் மகளானார். மகளுக்குரிய பாதுகாப்பும் கிடைத்தது, கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தது. ஆய்வாளர் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுப்பதாக நினைக்கலாம். அதைக் கொடுப்பவர்கள் அந்த வீட்டார்தான்.

அந்தக் கட்டுப்பாடு திறந்துவிட்ட கதவுதான் நூலின் உயிர். பெண்களோடு நாளெல்லாம் இருந்ததால் 'கின்னாவா' என்னும் சிறுபாடல்கள் அவர் காதில் விழுந்தன. மானம், அடக்கம் என்று பொதுவில் உறுதியாகப் பேசுகிறவர்களே, நெருங்கியவர்களிடையே பாடும் ஓரிரு வரிகளில் பிரிவையும் ஏக்கத்தையும் கொட்டிவிடுகிறார்கள். கேள்வித்தாளோடு வந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து போகிறவருக்கு அந்த உறுதியான பேச்சு மட்டுமே கிடைக்கும்.

நான் மிகவும் மதிப்பது வேறோர் இடத்தை. அவர்கள் தன்னிடம் மனம் திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்த தான், அமெரிக்காவில் வாழும் தன் வாழ்க்கையைப் பற்றி அவர்களிடம் அதிகம் சொல்லவில்லை என்று லீலா வெளிப்படையாக எழுதுகிறார். நம்பி வீட்டுக்குள் விட்டவர்களுக்குச் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது. பல ஆய்வுகளில் இந்த ஒரு பத்தி இருப்பதில்லை. அதனால் அவற்றில் உள்ள மற்றப் பத்திகளையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

குறைகளும் உண்டு. முதல் அத்தியாயத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த அந்த மகள், கோட்பாடு கனக்கும் பக்கங்களில் மறைந்துபோகிறார். குடும்பப் பெருமையையும் ரத்த உறவையும் விரிவாக விளக்கும் நூலில் மார்க்கம் ஓரமாகவே நிற்கிறது. தொழுகையும் மார்க்கக் கல்வியும் ஒரு பெண்ணை எப்படி உருவாக்குகின்றன என்று அறிய விரும்புகிறவர், கெய்ரோ மசூதிகளில் கூடும் பெண்களைப் பற்றி ஸபா மஹ்மூத் 2005-இல் எழுதிய நூலுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆய்வாளர் தன் சொந்தப் பெண்ணிய நம்பிக்கைகளையே விசாரணைக்கு உட்படுத்துகிறார்.

முஸ்லிம் குடும்பங்களிடையே களத்துக்குப் போகவிருக்கும் மாணவர்கள் முதல் அத்தியாயத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். மற்ற வாசகர்கள் நடுவிலுள்ள கோட்பாட்டுப் பகுதியில் அலுத்துப்போய் நிறுத்திவிடாமல் பாடல்கள் வரும் பின்பாதி வரை போகலாம்.